கடைசி எட்டு நாளைக்கு வந்த டாக்டரம்மா: தண்டையார்பேட்டையில் வீட்டுக்கே வரும் பூனை மருத்துவர்

போன மாதம் எங்கள் சுக்கு போய்விட்டாள். 17 வருடம் எங்களோடு இருந்த பூனை. அவளுடைய கடைசி எட்டு நாளில் மூன்று முறை எங்கள் வீட்டுக்கு வந்துபோன கால்நடை மருத்துவரைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். அந்த நாட்களில் ராத்திரி ராத்திரியாக நான் போனில் தேடியது இப்படி யாராவது தமிழில் எழுதிவைத்திருக்க மாட்டார்களா என்றுதான். வயசான பூனைக்கு யாரைக் கூப்பிடுவது, வந்தால் என்ன செய்வார்கள், எவ்வளவு ஆகும், உயிர் போகும்போது பக்கத்தில் இருக்க விடுவார்களா, அதற்கப்புறம் உடம்பை எங்கே கொண்டுபோவது, இதில் ஒன்றுக்கும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை. கிடைக்காமல் தவித்தவள் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மருத்துவர் பெயரையும் நம்பரையும் இங்கே போடவில்லை. ஒரே ஆளாக ஸ்கூட்டியில் அலைகிறார், இப்போது வரும் அழைப்புகளுக்கே ஓட முடியவில்லை, பொதுவில் போடவேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். தேவைப்படுபவர்கள் கேட்டால் தனியாகத் தருகிறேன். தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, ராயபுரம், கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் வரைக்கும் வருகிறார்.

சுக்கு எங்களிடம் வந்தது 2008 ஆகஸ்டில். அம்மா அப்போது காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்றுக்கொண்டிருந்தார். ஒரு நாள் விடியற்காலையில் ஐஸ் பெட்டிக்குப் பின்னாலிருந்து கத்தும் சத்தம் கேட்டுப் பார்த்திருக்கிறார். கண் பாதிதான் திறந்திருந்தது, உடம்பெல்லாம் மீன் தண்ணீர், தாய் பக்கத்தில் இல்லை. அன்னக்கூடையின் மேல்தட்டில் துணி போட்டு அதில் வைத்துக் கொண்டுவந்தார். "சுக்கு மாதிரி வத்திக் கெடக்குது பாரு" என்று அவர் சொன்னதுதான் பெயராகிவிட்டது. எனக்கு அப்போது 20 வயது. மண்ணடியில் ஒரு கடையில் கணக்கு எழுத நான் வேலைக்குப் போக ஆரம்பித்ததும், அப்பா போனதும், அண்ணன் கல்யாணமும், அம்மாவுக்கு முட்டி போய் வியாபாரத்தை விட்டதும் எல்லாம் அவள் பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் கீழ் வீடுகளில் தண்ணீர் புகுந்து அங்கிருந்தவர்களெல்லாம் இரண்டாவது மாடியில் எங்கள் வீட்டில் வந்து படுத்திருந்தபோது, பீரோவின் மேல் ஏறி மூன்று நாள் இறங்காமல் எல்லோரையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

உடம்புக்கு முடியவில்லை என்பது எங்களுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. போன வருடக் கடைசியிலிருந்தே தண்ணீர் நிறையக் குடித்தாள், பாத்ரூம் வாளியில் தலையை விட்டுக் குடிப்பாள், நாங்கள் வெயில் என்று நினைத்தோம். அப்புறம் மெலிய ஆரம்பித்தாள், முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட்டது, அதை வயசு என்று நினைத்தோம். இதை வாசிக்கிறவர்கள் வீட்டில் பத்து வயசுக்கு மேல் பூனை இருந்து, அது வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடித்தால், தயவுசெய்து அன்றைக்கே ரத்தம் எடுத்துப் பாருங்கள். வயசான பூனைகளுக்கு சிறுநீரகம் பழுதாவது ரொம்பவே சகஜம். சிறுநீரகத்தில் முக்கால் பங்கு வரை போனபிறகுதான் ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு எகிற ஆரம்பிக்கும், அதனால் நாம் கவனிப்பதற்குள் பாதிக்கு மேல் முடிந்திருக்கும் என்று டாக்டரம்மா சொன்னபோது, அந்த வாளிதான் என் கண்ணில் நின்றது.

சாப்பாட்டை நிறுத்தி, வாந்தி எடுத்து, வாயிலிருந்து ஒரு மாதிரி அமோனியா நெடி வந்தபிறகுதான் பெரிய பதற்றமாகி ஒரு கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எந்த இடம் என்று சொல்ல வேண்டாம். பிளாஸ்டிக் கூடையில் வைத்து ஷேர் ஆட்டோவில் கொண்டுபோனதே அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது. அங்கே இரண்டு பெரிய நாய்கள் குரைத்துக்கொண்டிருந்தன, ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம், உள்ளே போனதும் ஜில்லென்ற ஸ்டீல் மேஜையில் போட்டு ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் ரிப்போர்ட்டில் கிரியாட்டினின் 6.2. ஐந்தைத் தாண்டினாலே கடைசி நிலை என்று கணக்காம். எடை 2.3 கிலோ, நல்லா இருந்தபோது நான்கு கிலோவுக்கு மேல். அந்த மருத்துவர் தாளைப் பார்த்தபடியே "17 வயசு, இதுக்கு மேல ஒண்ணும் இல்ல, நாளைக்குக் காலையில கொண்டு வாங்க, முடிச்சிடலாம்" என்றார். அவர் சொன்னது தப்பு என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை அதைச் சொல்லி முடிக்க, அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள், நான் கூடையை மூடக்கூட இல்லை.

வேப்பேரிக்குக் கொண்டுபோகலாமா என்று யோசித்தேன். எங்கள் பக்கத்தில் ஆடு, மாடு, நாய் எதுவாக இருந்தாலும் வேப்பேரிதான். 1903-இல் ஆரம்பித்த கால்நடை மருத்துவக் கல்லூரி, அதோடு சேர்ந்த ஆஸ்பத்திரி, சுக்குவுக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்ததும் அங்கேதான், நன்றாகப் பார்த்தார்கள். ஆனால் இன்னொரு தடவை அவளைக் கூடையில் அடைத்து வண்டியில் ஏற்ற எனக்கு மனசு வரவில்லை. அம்மா ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார், "அது எங்கியும் வராது. வூட்லயே இருக்கட்டும்." அப்படித்தான் கடைக்குப் பக்கத்தில் வேலை செய்யும் ஒரு அக்கா மூலமாக இந்த டாக்டரம்மாவின் நம்பர் கிடைத்தது.

புதன்கிழமை சாயங்காலம் வந்தார். முப்பது வயதுக்கு உள்ளேதான் இருக்கும். நான் போனிலேயே எல்லாம் சொல்லி, முடித்துவிடலாம் என்று கிளினிக்கில் சொன்னதையும் சொல்லித்தான் கூப்பிட்டிருந்தேன், அதனால் அன்றைக்கே ஊசி போட்டுவிடுவார் என்று நினைத்து அம்மா மதியத்திலிருந்து அழுதுகொண்டிருந்தார். டாக்டரம்மா உள்ளே வந்ததும் பூனையிடம் போகவில்லை. செருப்பை வெளியே விட்டுவிட்டு, தரையில் சுவரோரமாக உட்கார்ந்து, எங்களிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தார், ஒரு இருபது நிமிடம் இருக்கும். சுக்கு கட்டிலடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவள் மெதுவாக வந்து அவருடைய பையை முகர்ந்தாள். அதற்கப்புறம்தான் கை வைத்தார். வாயைத் திறந்து காட்டினார், ஈறெல்லாம் வெளுத்திருந்தது, நாக்கின் ஓரத்தில் புண். கழுத்துத் தோலைப் பிடித்து இழுத்து விட்டார், அது பழைய இடத்துக்குத் திரும்ப நேரமானது. உடம்பில் தண்ணீரே இல்லை என்றார்.

அப்புறம் சொன்னதுதான் நான் எதிர்பார்க்காதது. "இன்னைக்கு வேணாம்மா. குணமாகாது, அதுல சந்தேகமே இல்ல. ஆனா பாதிக் கஷ்டம் இதுக்கு தண்ணி வத்திப்போனதால. அதைச் சரி பண்ணினா ஒரு வாரமோ பத்து நாளோ நிம்மதியா இருக்கும். அந்த நாளை அதுக்குக் கொடுக்கலாம். கஷ்டம் ஜாஸ்தியானா நான் வரேன்." அதற்காக வந்தவர், அதைச் செய்யாமல், வந்துபோன 700 ரூபாய் மட்டும் வாங்கிக்கொண்டு, எனக்கு டிரிப் போடக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார். இவருக்கு நான் கொடுக்கும் முழு மார்க்கும் அந்த ஒரு சாயங்காலத்துக்குத்தான்.

டிரிப் போடுவது பற்றிச் சொல்கிறேன், பயப்படுகிறவர்களுக்கு உதவும். மருந்துக் கடையில் கிடைக்கும் ரிங்கர் லாக்டேட் அரை லிட்டர் பாட்டில், நூறு ரூபாய்க்குள்தான். நரம்பில் ஏற்ற வேண்டியதில்லை, தோலுக்கு அடியில் விட்டால் போதும். பாட்டிலை ஒரு பாத்திரம் வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்து, முழங்கை உள்பக்கத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும், குழந்தைக்குப் பால் சூடு பார்ப்பது போல. ஜன்னல் கம்பிக்கு மேலே இருந்த ஆணியில் பாட்டிலைத் தொங்கவிட்டோம். இரண்டு தோள்பட்டைக்கு நடுவில் தோலைக் கூடாரம் மாதிரி தூக்கி, அந்தக் கூடாரத்தின் வாசலில் நுழைகிற மாதிரி ஊசியைக் கிடைமட்டமாக விட வேண்டும். முதல் தடவை என் கை நடுங்கி ஊசி அந்தப் பக்கமாக வெளியே வந்து, தண்ணீரெல்லாம் ரோமத்தில் ஒழுகிவிட்டது. இரண்டாவது தடவை சரியாகப் போனது. பாட்டிலில் குமிழி குமிழியாக ஏற, அவள் முதுகில் ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்துக்கொண்டு வந்தது. நூறு மில்லி போக எட்டு, பத்து நிமிடம். அந்த வீக்கம் மெதுவாகச் சரிந்து ஒரு பக்க முன்னங்காலுக்கு இறங்கும், பார்க்கப் பயமாக இருக்கும், ஒன்றும் ஆகாது, சில மணி நேரத்தில் உடம்பு இழுத்துக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் புது ஊசி. இதை முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனதால்தான் ராத்திரி பதினொரு மணிக்கு அவருக்குப் போன் போடாமல் இருந்தேன்.

மறுநாள் காலையில் சுக்கு தானாக நடந்துவந்து அம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள். அம்மா காரப்பொடி மீனை வேகவைத்து முள் எடுத்து விரலில் கொடுத்தார், நக்கினாள். மீன் கொடுக்கலாமா, சிறுநீரகத்துக்கு ஆகாதே என்று நான் கேட்டதற்கு, ஆரம்பத்தில் என்றால் அதற்கான தீனி மட்டும் கொடுக்கச் சொல்லியிருப்பேன், இப்போது எது உள்ளே போகிறதோ அது போகட்டும் என்றார் டாக்டரம்மா. அந்த ஒரு பதில் அம்மாவுக்கு எவ்வளவு ஆறுதல் என்று என்னால் எழுதிக் காட்ட முடியாது. 17 வருடமாக அவர் அவளுக்குக் காட்டிய அன்பெல்லாம் மீனாகத்தானே இருந்தது.

முதல் நாளே ஒரு தாளில் ஏழு விஷயம் எழுதிக் கொடுத்திருந்தார். வலி, பசி, உடம்பில் நீர், சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்பது. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று தினமும் மார்க் போட வேண்டும், மொத்தம் எழுபது, முப்பத்தைந்துக்கு மேல் இருக்கும்வரை ஓரளவு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் உருவாக்கிய கணக்காம். உயிருக்கு மார்க் போடுவதா என்று எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஆனால் அம்மா அதைப் பிடித்துக்கொண்டார். சுவரில் இருக்கும் தினசரிக் காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து, பின்பக்கம் பேனாவால் எண்ணை எழுதி, அதே ஆணியில் குத்திவைத்தார். புதன் 34, டிரிப் போட்டபிறகு வியாழன் 41, வெள்ளி 41, சனி 40, ஞாயிறு 36. திங்கள் 33. செவ்வாய் 29. நாங்கள் மூன்று பேரும் தனித்தனியாக மார்க் போட்டு நடுவில் ஒன்றை எடுத்தோம், ஏனென்றால் நான் எப்போதும் கூடவே போட்டேன், அண்ணன் குறைத்துப் போட்டான். இந்த எண்கள் இல்லையென்றால், இன்னும் ஒரு நாள் பார்க்கலாம், இன்னும் ஒரு நாள் என்று நான் அவளை இழுத்துக்கொண்டேதான் போயிருப்பேன். நிச்சயமாகச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது தடவை வந்தார். அன்றைக்கு சுக்கு என் மடியில் படுத்து குர்ர் குர்ர் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். பாருங்க டாக்டர், சந்தோஷமா இருக்கா என்றேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் அவள் முகத்தையே பார்த்தார். பூனைகள் சந்தோஷத்தில் மட்டும் இல்லை, வலியிலும் பயத்திலும்கூட இந்தச் சத்தம் போடும், தன்னைத் தானே தேற்றிக்கொள்கிற மாதிரி, அதனால் சத்தத்தை மட்டும் நம்பாதீர்கள், கண்ணைப் பாருங்கள், காது பின்னால் மடிந்திருக்கிறதா பாருங்கள், எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள் என்றார். பார்த்தேன். கண் பாதி சுருங்கியிருந்தது. அதுவரை நான் அதைத் தூக்கக் கலக்கம் என்று நினைத்திருந்தேன்.

அன்றே இன்னொரு விஷயமும் கண்டித்துச் சொன்னார். எதிர்வீட்டில் இருப்பவர்கள் நல்லெண்ணத்தில், வலிக்கு பாராசிட்டமால் கால் மாத்திரை கரைத்துக் கொடுங்கள் என்று சொல்லியிருந்தார்கள், நான் கேட்டுக் கொடுக்கலாம் என்று எடுத்துவைத்திருந்தேன். பூனையின் ஈரலால் அந்த மருந்தை உடைத்து வெளியேற்ற முடியாது, ஒரு மாத்திரையே உயிரை எடுக்கப் போதும், கால் அரை என்ற பேச்சே கிடையாது என்றார். வலிக்கு அவரே வேறு மருந்து கொடுத்தார். வீட்டில் பூனை வைத்திருக்கும் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

அண்ணன் மகளுக்கு ஏழு வயது. அவளிடம் என்ன சொல்வது என்று அண்ணி கேட்டார். சுக்கு தூங்கப் போகுது, ஊருக்குப் போகுது என்றெல்லாம் சொல்லாதீர்கள் என்றார் டாக்டரம்மா. தூங்க வைக்கிறோம் என்றால் ராத்திரி படுக்கவே பயப்படுவாள், ஊருக்குப் போயிருக்கு என்றால் வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். சாகப் போகுது, இனி திரும்பி வராது, வலிக்காமல் இருக்க மருந்து கொடுக்கிறோம், இவ்வளவுதான், நேராகச் சொல்லுங்கள். கருணைக்கொலை என்ற வார்த்தையையும் அவர் ஒரு தடவைகூட வாயில் எடுக்கவில்லை. "அனுப்பி வைக்கிறது" என்றுதான் சொன்னார். அண்ணி அப்படியே சொன்னார். குழந்தை அழுதாள், அழுதுவிட்டு, தன்னுடைய பழைய ஃபிராக்கைக் கொண்டுவந்து சுக்குவுக்குப் போர்த்தினாள்.

புதன்கிழமை மார்க் 24. பின்னங்கால் நிற்கவில்லை. மணல் தட்டுக்குப் போகப் பார்த்து, பாதி வழியிலேயே ஈரமாக்கிவிட்டு அப்படியே அதில் படுத்துவிட்டாள். எவ்வளவு சுத்தக்காரி அவள், தன் உடம்பை நாள் முழுக்க நக்கிக்கொண்டே இருப்பவள். அம்மா துடைத்துவிட்டுக்கொண்டே, "போதும் கண்ணு, போதும்" என்றார். என்னைப் பார்த்துச் சொன்னாரா, அவளைப் பார்த்தா என்று தெரியவில்லை. நான் போன் செய்தேன்.

மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு வருகிறேன் என்றார். வியாழக்கிழமை ஒன்றரையிலிருந்து மூன்று ராகு காலம், அம்மா வேண்டவே வேண்டாம் என்றார். படித்தவர், சிரிப்பாரோ என்று தயங்கித்தான் சொன்னேன். "சரிம்மா, மூணேகாலுக்கு வரேன்" என்றார், அவ்வளவுதான். ஆனால் வந்து சேர்ந்தது நான்கு மணிக்கு மேல். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டார், எங்கள் பக்கம் இருப்பவர்களுக்கு அது தெரியும். போன் செய்து சொல்லியிருக்கலாம். அந்த முக்கால் மணி நேரம் எங்களுக்கு எப்படிப் போனது என்று சொல்ல முடியாது, அதனால் அதை ஒரு குறையாகவே எழுதுகிறேன். சிகிச்சையில் இருக்கும்போது போன் எடுக்க மாட்டார், அதுவும் உண்மை. ராத்திரி எட்டு மணிக்கு மேல் வரமாட்டார், அவசரம் என்றால் வேறு இடம்தான் பார்க்க வேண்டும், இதை முதல் நாளே சொல்லிவிடுகிறார்.

என்ன செய்யப் போகிறார் என்பதை, மருந்தைத் தொடுவதற்கு முன்னால், ஒவ்வொன்றாகச் சொன்னார். முதல் ஊசி மயக்கத்துக்கு, அது ஒன்றுதான் அவளுக்குக் குத்துவது தெரியும். பத்து நிமிடத்தில் ஆழ்ந்த மயக்கம். அப்புறம் காலில் ரோமம் வழித்து நரம்பில் இரண்டாவது மருந்து, அதுவும் மயக்க மருந்து வகைதான், அளவு அதிகம், முதலில் மூளை அடங்கும், மூச்சு நிற்கும், அப்புறம் இதயம். உடம்பில் தண்ணீர் குறைந்ததால் நரம்பு கிடைக்காமல் போகலாம், அப்படியானால் வயிற்றில் போடுவேன், அதற்கு இன்னும் கொஞ்சம் நேரமாகும், பதற வேண்டாம். கண் மூடாது. உயிர் போனபிறகும் ஒன்றிரண்டு தடவை மூச்சு இழுப்பது போல் தெரியும், அது உடம்பின் துடிப்புதான், அவள் இல்லை. சிறுநீர் வரும். இவ்வளவையும் கேட்க யாருக்குத்தான் தெம்பு இருக்கும், ஆனாலும் கேட்டுவைத்ததால்தான் அங்கே உட்கார முடிந்தது.

அம்மாவின் பழைய காட்டன் புடவையை நான்காக மடித்து, அடியில் பிளாஸ்டிக் விரித்து, எப்போதும் மத்தியானம் வெயில் விழும் ஜன்னலோரத்தில் படுக்கவைத்தோம். எங்கே வசதி என்று டாக்டரம்மா கேட்கவில்லை, அவள் எங்கே படுப்பாள் என்றுதான் கேட்டார். முதல் ஊசிக்கு லேசாக முனகினாள். அம்மா தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். கண் சொருகியபோது, "பால் ஊத்தலாமா டாக்டரம்மா?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் யாருக்கும் பால் ஊற்றாமல் அனுப்பியதில்லை. மயக்கத்தில் முழுங்க முடியாது, வாயில் ஊற்றினால் மூச்சுக்குழாயில் போய்விடும், அது கஷ்டம், அதனால் உதட்டை மட்டும் நனையுங்கள் என்று சொல்லி, அவரே தன் பையிலிருந்து பஞ்சு எடுத்துக் கொடுத்தார். அம்மா பஞ்சைப் பாலில் தொட்டு, அந்த வெளுத்த உதட்டில் மூன்று தடவை வைத்தார். குழந்தையும் ஒரு தடவை.

முன்னங்காலில் நரம்பு கிடைக்கவில்லை. இரண்டாவது தடவை குத்திப் பார்க்கவில்லை, பின்னங்காலுக்குப் போனார், கிடைத்தது. மருந்து மெதுவாக உள்ளே போனது. என் கை அவள் விலாவில் இருந்தது. ஏறி இறங்கி, ஏறி இறங்கி, அப்புறம் ஏறவில்லை. அவ்வளவு சத்தமில்லாமல். டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பை வைத்து ரொம்ப நேரம் கேட்டார், அவசரப்படவே இல்லை, கேட்டுவிட்டு "போயிட்டாம்மா" என்றார். 'அது' இல்லை, 'போயிட்டா'. அவர் சொன்னதைப் போலவே ஒரே ஒரு தடவை வாய் திறந்து மூடியது, தெரிந்திருந்ததால் அம்மா பயப்படவில்லை. கண்ணை மூடிவிடப் பார்த்தார், மூடவில்லை. அதையும் சொல்லியிருந்தார்கள் இல்லையா, சரி என்று கையை எடுத்துக்கொண்டார்.

இந்தப் பக்கம் ஒரு சாவு என்றால் தெருவே தெரியும். பந்தல் வரும், மேளம் வரும், பூ மூட்டை மூட்டையாக வரும், ராத்திரி முழுக்க கானா பாடுவார்கள், யார் வீட்டுச் சாவு என்று கேட்டு முன்பின் தெரியாதவர்கள்கூட வந்து நிற்பார்கள். பூனைக்கு யார் வருவார்கள். அம்மா அழுதது வெளியே கேட்டிருக்கும் போல, கீழே பூக்கட்டும் அக்கா மேலே வந்து, ஒன்றும் கேட்காமல், இரண்டு முழம் கதம்பத்தை அம்மா கையில் வைத்துவிட்டுப் போனார். டாக்டரம்மா உடனே கிளம்பவில்லை. பணம் பற்றியும் அவர் பேச்சை எடுக்கவில்லை, நானாகத்தான் கேட்டேன். வருகைக்கும் மருந்துக்கும் சேர்த்து 2,500. ரசீது கொடுத்தார். மூன்று தடவைக்கும் மொத்தம் 3,900 ஆனது, டிரிப் சாமான் தனி. எங்கள் வருமானத்துக்கு அது சின்னத் தொகை இல்லை, ஆனால் முதலிலேயே போனில் சொன்ன தொகைதான், ஒரு ரூபாய் ஏறவில்லை.

அடக்கம் பற்றி ஒன்று முக்கியமாகச் சொல்ல வேண்டும். அண்ணன் காசிமேடு பக்கம் கடலோரத்தில் மணலில் புதைத்துவிடலாம் என்றான், நிறைய பேர் அப்படித்தான் செய்கிறார்கள். டாக்டரம்மா கூடவே கூடாது என்றார். அந்த மருந்து உடம்பிலேயே தங்கியிருக்கும், நாய் தோண்டித் தின்றாலோ காக்கை கொத்தினாலோ அதுவும் சாகும். மூன்றடிக்குக் குறையாமல், நல்ல மண்ணில், மேலே கல் வைத்துப் புதைக்க வேண்டும். கிளினிக்கில் முடித்திருந்தால் இதை எனக்கு யார் சொல்லியிருப்பார்கள் என்று தெரியவில்லை. உடம்பை எடுத்துப்போக அவரிடம் ஏற்பாடு எதுவும் இல்லை, அதுதான் இந்தச் சேவையில் உள்ள இன்னொரு குறை. ஹவுசிங் போர்டு வீட்டில் ஒரு பிடி மண் கிடையாது, வடசென்னையில் பாதிப் பேருக்கு இதே நிலைமைதான், அதனால் எங்கே புதைக்கப் போகிறீர்கள் என்பதை முன்னாலேயே யோசித்துவைத்துக்கொள்ளுங்கள், அந்த நேரத்தில் யோசிக்க முடியாது. எங்களுக்கு மீஞ்சூர் பக்கம் மாமா வீட்டில் இடம் இருந்தது. ராத்திரி முழுக்கச் சுற்றி ஐஸ் வைத்திருந்து, காலையில் அண்ணன் நண்பனின் குட்டியானையில் கொண்டுபோனோம். மீன்பெட்டி ஐஸ்தான், அம்மாவே போய் வாங்கிவந்தார். புடவை, ஃபிராக், கதம்பம் எல்லாம் கூடவே. முருங்கை மரத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம்.

ஒரு வாரம் கழித்து டாக்டரம்மா போன் செய்தார், என்னிடம் இல்லை, அம்மாவிடம் பேச. அரை மணி நேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. நான்கு பாட்டில் வாங்கியதில் இரண்டு பிரிக்காமல் இருந்தது, புது ஊசிகளும் மீதி இருந்தன, அதை எடுத்துக்கொள்வீர்களா என்று அம்மா கேட்டிருக்கிறார். அடுத்த நாள் வந்து வாங்கிக்கொண்டு போனார். புது வண்ணாரப்பேட்டையில் 14 வயசு ஆண் பூனை ஒன்றுக்கு அதே சிறுநீரகப் பிரச்சினையாம், அந்த வீட்டில் டிரிப் போடப் பயப்படுகிறார்களாம். நான் வந்து காட்டுகிறேன் என்று சொல்லி, இந்த ஞாயிற்றுக்கிழமை அவருடன் போகிறேன்.